படுக்கைகளும் ஓர் ஊரும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடத்தில் தொழிலாளர் குடியிருப்பு

2021 டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த இளம்பெண்கள். பூந்தமல்லி அருகே அவர்கள் தங்கியிருந்த தனியார் விடுதியில் சாப்பிட்ட உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். உடன் தங்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று விடுதியில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. செத்துப்போனார்கள் என்று வதந்தி கிளம்பியது. அதன் பிறகுதான் அவர்கள் சாலைக்கு வந்தார்கள். அறைகளில் நெருக்கியடித்துத் தரையில் படுத்தது, தண்ணீர் வராத கழிப்பறை, எலி ஓடிய சமையற்கூடம் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று வேலை மறுபடி தொடங்கியது.

அந்த மறியலில் ஊதிய உயர்வுக் கோரிக்கை முன்னால் நிற்கவில்லை. உலகின் மிக விலையுயர்ந்த கைபேசிகளில் ஒன்றைச் செய்பவர்கள் சோறும் கழிப்பறையும் கேட்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தொழிற்சாலைகளைக் கூவி அழைத்த நாம், அதில் வேலை செய்பவர்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்ற கேள்வியைக் கால் நூற்றாண்டாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தோம்.

அரசு அதற்குப் பதில் சொல்லாமல் இல்லை. மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் 706.50 கோடி ரூபாயில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர்: மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம். கணக்குப் போட்டால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய். பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். கட்டில் இருக்கிறது, காற்று வருகிறது, வேலையிடம் பக்கத்தில் இருக்கிறது. இதைக் குறைத்துப் பேசுவது அந்த 18,720 பேருக்கும் செய்கிற அநியாயம்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 25 ஆயிரம். அந்த ஊரில் முக்கால் பங்கு அளவு ஜனம், ஒரே சுற்றுச்சுவருக்குள், சுமார் 20 ஏக்கரில் குடியிருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். 25 ஆயிரம் பேர் வாழ்கிற ஊரில் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, டெய்லர், சலூன், மருந்துக்கடை, கோயில், மசூதி, டீக்கடை பெஞ்சு எல்லாம் தானாக முளைத்திருக்கும். 18,720 பேர் வாழ்வதற்கான வளாகத்தில் அவை முளைக்க இடமே விடவில்லை. வீடு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதும், ஊருக்குக் கலகலப்பான கடைவீதி வேண்டும் என்பதும் இரண்டு தனித்தனித் திட்டங்களாகக் கோப்புகளில் கிடக்கின்றன. இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. ஒன்றை விட்டு இன்னொன்றைச் செய்தால் இரண்டுமே கெடும்.

இங்கே ஆலைகள் வந்த வேகத்தை நினைத்துப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் கார் வெளியே விட்டது. நோக்கியா 2006-இல் கைபேசி தயாரிக்கத் தொடங்கியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தைச் சுற்றி ரெனோ–நிசான் 2010-இலும், டைம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் வந்தன. பின்னால் வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று பூங்காக்கள் விரிந்தன. சிப்காட் நிலம் எடுத்தது, சாலை போட்டது, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்தது. ஆலைக்கு வேண்டிய எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆள் குடியிருக்க வீடு மட்டும் இல்லை.

முந்தைய தலைமுறை இப்படிச் செய்யவில்லை. நெய்வேலியிலும் திருச்சி பெல் வளாகத்திலும் பெரம்பூர் ஐ.சி.எஃப். காலனியிலும் ஆலை எழும்போதே குவார்ட்டர்ஸும் எழுந்தது. பள்ளியும் மார்க்கெட்டும் மருத்துவமனையும் கூடவே வந்தன. அந்தக் குவார்ட்டர்ஸ்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்றும் அதைத் தங்கள் ஊர் என்றே சொல்கிறார்கள். அந்த மாதிரியை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது. அது நிரந்தர வேலைக்காரருக்காக அரசு நிறுவனம் கட்டிய ஊர். இன்றைய ஒரகடத்துத் தொழிலாளியோ டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பல பெயர்களில் வேலை செய்கிறார். அடுத்த வருஷம் இதே கம்பெனியில் இருப்போமா என்பது அவருக்கே தெரியாது. அவருக்கு வங்கி வீட்டுக்கடன் கொடுக்காது. கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சாலையோரம் நெடுக ‘டிடிசிபி அப்ரூவ்ட்’ என்று போர்டு வைத்துக் கல் நட்டுப் போட்டிருக்கும் மனைகள் அவருக்கானவை இல்லை. பெரும்பாலும் அவை சென்னையில் இருப்பவர்கள் விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட்டவை. சொந்த வீட்டுக்கு மானியம் தரும் திட்டம் எத்தனை வந்தாலும் இந்தத் தொழிலாளியைத் தொடாது. அவருக்கு வேண்டியது கட்டுப்படியாகும் வாடகை, கௌரவமான அறை, வேலை மாறினாலும் காலி செய்யச் சொல்லாத கதவு.

அந்த வாடகை வீட்டை இதுவரை கொடுத்து வந்தது யார்? அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள்தான். நிலம் போனதற்குக் கிடைத்த பணத்திலோ, நகையை வைத்தோ, வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பினார்கள். கொல்லைப்புறத்தில் வரிசையாக அறை போட்டார்கள். லைன் வீடு என்பது அதற்குப் பெயர். ஒரு நீண்ட நடை, அதன் ஒரு பக்கம் பத்துக்குப் பத்து அறைகள், கடைசியில் பொதுக் கழிப்பறை, மொட்டைமாடியில் கம்பிக்கொடி நிறையக் கம்பெனிச் சட்டைகள். காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் படுக்கிறான். வாசலில் கிடக்கும் சேஃப்டி ஷூக்களை எண்ணினால் அறையில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். மோட்டார் போடும் நேரத்தில் பக்கெட் வரிசை. கரண்டுக்குத் தனியாகச் சின்ன மீட்டர். யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிற சலுகை, பல அறைகளுக்கும் ஒரே இணைப்பாக இருக்கும் இடங்களில் வாடகைக்காரர் கைக்கு வந்து சேர்வதில்லை.

இதே லைன் வீட்டின் கீழ்த்தளத்தையும் பார்க்க வேண்டும். தெருவை ஒட்டி ஒரு மளிகைக் கடை, பக்கத்தில் செல்ஃபோன் ரீசார்ஜ், எதிரில் டிபன் கடை. விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காக அந்தக் கடையில் அடுப்பு எரிகிறது. ஒடியாவிலோ இந்தியிலோ பேசும் பையனுக்குத் தமிழில் கணக்குச் சொல்லிக் கடன் கொடுக்கும் அம்மாவை அந்தக் கடையில்தான் பார்க்கலாம். யாரும் திட்டமிடாமலே வீடும் கடையும் வேலையும் நடந்து போகும் தூரத்தில் சேர்ந்துவிட்டன. நகரத் திட்டமிடலாளர்கள் பெருஞ்செலவில் உருவாக்க நினைப்பது அதைத்தான். சீனாவின் ஷென்சென் நகரம் வளர்ந்த காலத்திலும் இதுவே நடந்தது. வெளியூரிலிருந்து வந்து குவிந்த லட்சக்கணக்கானோருக்கு இடம் கொடுத்தவை, நகரம் விழுங்கிய பழைய கிராமங்களில் அந்தக் கிராமத்தாரே நெருக்கிக் கட்டிய வாடகைக் கட்டடங்கள்.

லைன் வீட்டின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரி எடுத்துப் போகும் கழிவு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஓடையில் இறங்குவதுண்டு. காற்றோட்டம் இல்லை, தீ பிடித்தால் ஓட வழி ஒன்றுதான். ஆனால் இந்தக் குறைகளைச் சரிசெய்யும் வழி இடிப்பதும் ‘சட்டவிரோதம்’ என்று முத்திரை குத்துவதும் ஆகாது. கட்டுகிறவருக்கு உதவ வேண்டும். அந்த உதவிக்கு ஈடாகத் தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கேதான் நம் விதிகள் எல்லாம் பெரியவர்கள் பக்கமே சாய்ந்திருப்பது தெரிகிறது. கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய அவலத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குறைந்த வட்டி, வரிவிலக்கு, கூடுதல் தளப்பரப்பு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஒரு திட்டத்தில் குறைந்தது 40 வீடுகளோ அதற்கு ஈடான படுக்கைகளோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. எட்டு அறை கட்டுகிற வைப்பூர்க் கிராமத்துக்காரர் அந்த வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. அதே வசதியை வாடகை அறைகளுக்கும் கொடுக்கலாம். ஜன்னல் அளவு, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, இரண்டாவது படிக்கட்டு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றைத் தீர்மானித்து, அரசே பத்துப் பன்னிரண்டு மாதிரி வரைபடங்களை அச்சிட்டுக் கொடுக்கட்டும். அதில் ஒன்றைப் பின்பற்றிக் கட்டுபவருக்கு அனுமதி தாமதமில்லாமல் கிடைக்கட்டும், கூட்டுறவு வங்கியில் கடன் கிடைக்கட்டும், அறைக்கு அறை மின் இணைப்பு கிடைக்கட்டும். ஒரு படுக்கைக்கு 3.77 லட்சம் செலவு செய்யத் துணிந்த அரசுக்கு, அதில் சிறு பங்கை இந்தப் பக்கம் திருப்புவது பெரிய காரியமில்லை.

விடுதி என்றால் வியாபாரம் என்று கருதி வரி போட்டதையும் சமீபத்தில்தான் திருத்தினார்கள். 90 நாளுக்குக் குறையாமல் தங்குபவரிடம் மாதம் 20,000 ரூபாய்க்குள் வாங்கும் வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024-இல் முடிவானது. பெண் தொழிலாளர் தங்கும் விடுதியும் குடியிருப்புதான் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. சொத்து வரி, குடிநீர், மின்கட்டணம் எல்லாவற்றிலும் இதே பார்வை வர வேண்டும்.

கம்பெனியே வீடு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் அமெரிக்காவில் கிடைக்கிறது. சிகாகோ அருகே ரயில் பெட்டி செய்யும் புல்மேன் கம்பெனி 1880-களில் தன் தொழிலாளருக்கு அழகான ஊர் ஒன்றைக் கட்டியது. 1893-இல் மந்தம் வந்தபோது கூலியைக் குறைத்தது, வாடகையைக் குறைக்கவில்லை. 1894-இல் மூண்ட வேலைநிறுத்தம் நாட்டின் பெரும்பகுதியில் ரயிலை நிறுத்தியது. ரயில் பெட்டிக் கம்பெனிக்கு ஊரை வைத்திருக்க உரிமை கிடையாது, குடியிருப்புகளை விற்றுவிடு என்று 1898-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளம் கொடுப்பவரும் வீட்டுக்காரரும் ஒருவராகவே இருந்தால், வேலை போகும் நாளில் படுக்கையும் போய்விடும். உரிமை கேட்கும் வாய் தானாக அடங்கும். நம் பக்கத்திலேயே 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை மூடியது. சில மாதங்களுக்குள் அதற்குப் பொருள் கொடுத்த ஆலைகளும் நின்றன. ஒரே கம்பெனியை நம்பிக் கட்டிய பெரிய விடுதி அப்படி ஒரு நாளில் வெற்றுக் கட்டடமாகிவிடும். பல முதலாளிகளின் ஆட்களும், கம்பெனியே சம்பந்தப்படாத டீச்சரும் நர்ஸும் போலீஸ்காரரும் கலந்து குடியிருக்கும் தெரு அப்படி ஒரேயடியாகச் சாயாது. அதனால் சிப்காட் விடுதிகள் கம்பெனிக்கு மொத்தமாகப் போகாமல் ஒரு பகுதியாவது தொழிலாளி தன் பெயரில் நேரடியாக வாடகைக்கு எடுக்கும்படி இருக்க வேண்டும். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. விடுதிப் படுக்கைக்கும் அது போன்ற ஒரு தாள் வேண்டும்.

அறைக்கு ஆறு கட்டில் என்ற வடிவத்துக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: இங்கே வேலைக்கு வருகிறவள் இளையவள், தனியாள், சில வருஷத்தில் போய்விடுவாள் என்ற முடிவு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். கல்யாணம் ஆன பிறகும் இங்கே வேலை பார்க்க விரும்பும் ஒரு பெண்ணுக்குக் குடியிருக்க எந்தக் கதவு திறந்திருக்கிறது? புருஷனோடு தங்க ஓர் அறையும் சமையலறையும், குழந்தையை விட ஒரு காப்பகமும், நடந்து போகும் தூரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியும் இல்லாதவரை, இருபத்தாறு வயதில் ஊருக்குத் திரும்புவதை அவள் ‘தேர்ந்தெடுத்தாள்’ என்று யாரும் சொல்லக் கூடாது. இனிக் கட்டும் ஒவ்வொரு வளாகத்திலும் மூன்றில் ஒரு பங்காவது குடும்பம் தங்கும் சிறு வீடுகளாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைவீதிக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கு நடு என்று ஒன்று உண்டு. ராமானுஜர் அவதரித்த ஊர் அது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடும் கடையும் காலங்காலமாக ஒட்டியே இருக்கின்றன. தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட தெரு, மற்ற நாளில் மனிதர் நடப்பதற்கு. ஒரகடத்தின் நடுவில் இருப்பதோ மேம்பாலம். அதன் கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள், தள்ளுவண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பிழைக்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தின் கடைத்தெரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த இடங்களில் சேரும் கூட்டத்தைப் பார்த்தால், இவர்களுக்குத் தேவை ஒரு பூங்காவும் நடைபாதையும் நல்ல கழிப்பறையும் என்று எவருக்கும் தெரியும்.

இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டு பயந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சிங்கப்பூரில் பாடம் இருக்கிறது. அங்கே கட்டுமான வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு ஞாயிறு என்றால் தேக்கா, லிட்டில் இந்தியா. 2013 டிசம்பர் 8 அன்று அங்கே கலவரம் மூண்டது. அதன் பிறகு, நகர மையத்துக்கு வராமல் விடுதிப் பக்கமே அவர்கள் பொழுதுபோக்கும்படி ஏற்பாடுகள் கூடின. ஆயிரம் படுக்கைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளுக்கென 2015-இல் தனிச் சட்டமும் வந்தது. ஒழுங்கான, சுத்தமான, தனியான விடுதிகள். 2020-இல் கொரோனா வந்தபோது அந்த விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்று பிடித்தது. நெருக்கமும் தனிமையும் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வருஷம் காட்டியது. சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இன்னொரு விதத்தில் இதையே சொல்கின்றன: நகரின் நடுவிலிருந்து குடிசைக்காரர்களைப் பெயர்த்து, வீடு மட்டும் கொடுத்து, பிழைப்பைத் தொலைவில் விட்டுவிட்ட இடங்கள் அவை.

இதற்கெல்லாம் பணம் எங்கே? இந்தத் தொழிலாளர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி, ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய், ஆலை இருக்கும் ஊரின் உள்ளாட்சிக்குப் போகிறது. அந்த ஆலைகளில் பல நிற்பது கிராம ஊராட்சி எல்லையில். திருவண்ணாமலையிலிருந்து வந்த பெண் இந்த ஊராட்சிக்கு வரி கட்டுகிறாள். ஓட்டு அவளுக்குச் சொந்த ஊரில். கிராமசபையில் அவள் குடிநீரைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. அவள் பொருள் வாங்கும் கடைத்தெருவோ வேறோர் உள்ளாட்சியில் இருக்கிறது. அங்கே குப்பையும் சாக்கடையும் மட்டும் கூடுகின்றன. ஆலை ஊராட்சிகளின் தொழில் வரியில் ஒரு பங்கை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் கடைவீதிகளுக்கும் லைன் வீட்டுத் தெருக்களின் கழிவுநீர்க் குழாய்க்கும் ஒதுக்கும் பொது நிதி ஒன்றை மாவட்ட அளவில் வைக்கலாம். அதன் நிர்வாகக் குழுவில் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளருக்கு இடம் வேண்டும்.

பஸ்ஸும் இதில் சேரும். கம்பெனி பஸ் ஆலை வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கும்; வழியில் கடைவீதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. ஆனால் ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு அந்த பஸ் வர வேண்டும், இரவிலும் வர வேண்டும். வல்லம் வடகாலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெரு வரை அரை மணிக்கு ஒரு பஸ் விட்டால், அந்த 18,720 பேருக்கும் ஒரு ஊர் கிடைக்கும். அந்த ஊர்க் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் கிடைக்கும்.

2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் அதற்குள் வந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை சுமார் 28 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயிலை நீட்டும் திட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ரயில் வருகிறது என்ற பேச்சு எழுந்தாலே நிலம் கை மாறத் தொடங்கும். நிலையம் கட்டி முடிக்கும்போது அதைச் சுற்றி வாடகைக்கு ஒரு லைன் வீடுகூட மிஞ்சாது. ஆகவே சிப்காட்டும் வீட்டுவசதி வாரியமும் நிலையங்களுக்கு நடை தூரத்தில் உள்ள நிலத்தை இப்போதே வாங்கி வைக்க வேண்டும். கீழே கடை, மேலே குடும்பமும் தனியாளும் தங்கும் வாடகை வீடு என்று சிறு சிறு மனைகளாகப் பிரித்து, விற்காமல் நீண்ட குத்தகைக்கு விட வேண்டும். பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள் என்று காஞ்சிபுரம் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது, இந்த ஆலைகளால் பிழைக்கிற நம் எல்லோருடைய பொறுப்பு.